எல்லிஸ் துரையும் அம்மைப் பாட்டும்

திருப்பதி நகரில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் கங்கம்மா ஜாத்திரையை அன்பர்களில் பலர் கண்டிருப்பர். தாத்தய்யகுண்டை கங்கம்மாளைத் திருமலையப்பனுக்குத் தங்கையென்றே அவ்வூரார் கொண்டாடுகின்றனர். ஏறத்தாழ ஒரு வாரம் நடக்கும் அவ்விழாவில் பைராகி வேடம், தோட்டி வேடம், துரை வேடம், மாதங்கி வேடம் என நாளுக்கொரு வேடம் உண்டு. ஆடவர் புடைவையுடுத்தி, மஞ்சள் பூசி வீதிவலம் வருவர். கொடிய பாளையக்காரன் ஒருவனைத் தேடி அம்மன் பல வேடம் பூண்டு அலைந்தாளென்றும், துரை வேடத்தில் வந்தபோதே அவன் அகப்பட்டுத் தலையிழந்தானென்றும் கதை சொல்லுவர். கடைசியில் களிமண்ணால் அமைத்த பேருருவைக் கலைத்து, அம்மண்ணை ஆளுக்கொரு பிடி வீட்டுக்கு எடுத்துச் செல்வர். கோடையில் வரும் கொப்புளக் காய்ச்சல்களை அம்மண் அண்டவொட்டாது என்பது நம்பிக்கை.

அம்மன் துரை வேடம் பூண்டது கதை. ஆங்கிலத் துரை ஒருவர் அம்மனின் வாயாகப் பேசத் துணிந்தது சரித்திரம். அவரே பிரான்சிஸ் வைட் எல்லிஸ். திருக்குறளை ஆய்ந்தவர் என்றும், தென்மொழிகள் ஒரு குடும்பத்தவை என நிறுவியவர் என்றும் தமிழர் அவரை அறிவர். அம்மை நோயை முன்னிட்டு அவர் செய்ததொன்றைப் பலர் அறியார். இக்கட்டுரை அதைப்பற்றியது.

எல்லிஸ் 1777ஆம் ஆண்டில் பிறந்தவர். 1796இல், இருபது வயதும் நிரம்பாத பருவத்தில், கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். அதே 1796 மே மாதம் 14ஆம் நாள் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர், பால் கறக்கும் பெண்ணின் கையில் எழுந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்திப் பார்த்தார். பின்னர்ப் பெரியம்மையின் சீழையே குத்தியும் அச்சிறுவனை நோய் தீண்டவில்லை. இவ்விரண்டு செய்திகளும் பின்னாளில் ஒன்றையொன்று சந்திக்குமென அன்று யார் நினைத்திருப்பார்!

எல்லிஸ் விரைவில் உயர்ந்தார். 1802இல் வருவாய் வாரியத்தின் செயலாளரானார். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஆற்காட்டு நவாபின் நாடு கும்பினியின் கைக்கு வந்து, திருமலைக் கோயிலின் நிர்வாகமும் அதனோடு சேர்ந்து வந்திருந்தது. சித்தூரைத் தலைநகராகக் கொண்ட வடஆற்காட்டு ஜில்லாவின் கலெக்டர் கோயில் வரவுசெலவை அவ்வாரியத்துக்கே எழுதி வந்தார். 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கும்வரை அந்நிலை நீடித்தது. யாத்திரிகர் எவ்வளவு காணிக்கை இட்டனர் என்று எண்ணிப் பார்த்த கும்பினியார், அவர் எதற்கு அஞ்சி வந்தனர் என்பதை அத்துணைக் கருத்தோடு எண்ணிப் பார்த்தனரோ, அறியோம். எல்லிஸ் எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர்.

அந்நாளில் ஜனங்களின் பேரச்சம் வைசூரி என்னும் பெரியம்மை. வந்தவரில் பலர் மாண்டனர். பிழைத்தவர் முகத்தில் தழும்பும், சிலர் கண்ணில் இருளும் எஞ்சின. இத்தகைய நோயை நம் முன்னோர் நோய் என்றே சொல்லவில்லை. அம்மை என்றனர். கொப்புளத்தை முத்து என்றனர். அம்மா வந்திருக்கிறாள், விளையாடுகிறாள் என்றனர். வாசலில் வேப்பிலை செருகினர். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினர். அயலாரை உள்ளே விடவில்லை. முத்து இறங்கியபின் தலைக்கு நீர் வார்த்தனர். நோயாளியை வைதவர் இல்லை. அவர் உடலில் தெய்வம் குடியிருப்பதாகக் கருதி மெல்லிய குரலிற் பேசினர்.

இதனை மூடத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் எளிது. யானும் இளமையில் அவ்வாறு தள்ளியவனே. நூற்பாலையில் இரவு முறை பார்த்துவந்த காலத்தில் எனக்குச் சின்னம்மை கண்டது. மேலெல்லாம் எரிய, உடன் வேலை செய்தோர் எட்ட நின்று பார்க்க, வீடு வந்து சேர்ந்தேன். என் தாயார் என்னைக் கண்டதும் அலறவில்லை. இரு கைகளையும் கூப்பி, என்னை நோக்கி, வா தாயே என்று வரவேற்றார். அந்த வரவேற்பு எனக்கன்று. எனினும் அதைக் கேட்டவுடன் என் அச்சம் பாதி தணிந்தது. குட்டநோய் கண்டவரை ஊருக்கு வெளியே துரத்திய அதே ஜனங்கள்தாம் அம்மை கண்டவரைக் கும்பிட்டனர் என்பதை எண்ணும்போது, ஒரு நோய்க்கு என்ன பெயரிடுகிறோம் என்பதில் நோயாளியின் மனநலம் எத்துணை அடங்கியுள்ளது என்பது விளங்குகிறது.

ஆயினும் இந்நம்பிக்கையே அம்மை குத்துதலுக்குத் தடையாகவும் நின்றது. ஜென்னரின் முறை 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு முதன்முதல் பலித்தது. அங்கிருந்து அவ்வாண்டிலேயே சென்னைக்கு வந்தது. விருந்தாளியாக வரும் தாயை வாசலிலேயே கத்தியால் குத்தி மறிப்பதோ என்று ஜனங்கள் அஞ்சினர். தடுத்தால் அவள் சினந்து ஊரையே வாரிக்கொள்வாள் என்றனர்.

இதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. அக்காலத்தில் மருந்தைப் புட்டியில் அடைத்து நெடுந்தூரம் கொண்டுபோக இயலாது. வெயிலில் அதன் சக்தி போய்விடும். ஆகவே ஒரு குழந்தையின் கையில் குத்தி, ஏறத்தாழ எட்டாம் நாள் எழும் கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவர். இப்படிக் கைக்குக் கை, ஊருக்கு ஊர் சங்கிலியாகச் சென்றது அம்மைப்பால். அச்சங்கிலியின் கண்ணிகளாக வாய்த்தவர் பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகளும், சேரிப் பிள்ளைகளும், பெற்றோரற்ற பிள்ளைகளுமே. உயர்குலத்தார் எனத் தம்மை எண்ணிக்கொண்டோர், பறையர் குழந்தையின் கையில் ஊறிய நீர் தம் குழந்தையின் இரத்தத்திற் கலப்பதா என்று மறுத்தனர். பசுவின் நோய்நீர் என்பதும் அருவருப்பாயிற்று. தெய்வத்துக்கு அஞ்சியது ஒரு பங்கு, தீட்டுக்கு அஞ்சியது ஒரு பங்கு. இரண்டும் பக்தி என்ற ஒரே போர்வைக்குள் இருந்தன. உயிரைக் காக்கும் துளி சேரியிலிருந்து வந்தால் வேண்டாமென்று சொல்லிச் சாவை ஏற்ற சாதி அபிமானத்தை நாம் என்னென்பது!

நம் சித்தூர்ச் சீமைக்கு அண்டையிலுள்ள மைசூரில் இத்தடையை வேறு விதமாகத் தாண்டினர். அரசமாதா இலட்சுமி அம்மணி தம் கணவரையே அம்மைக்குப் பலிகொடுத்தவர் என்பர். இளவரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வாழ்க்கைப்பட வந்த தேவஜம்மணிக்கு அவ்வரண்மனையில் அம்மை குத்தப்பட்டது. தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் 1805இல் தீட்டிய படமொன்றில், ஒரு அரசி தன் சேலையை ஒதுக்கி மேற்கையைக் காட்டி நிற்பது அம்மை குத்திய இடத்தைக் காட்டவே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்துச் சரியெனின், தன் உடம்பையே சாட்சியாக்கிப் பேசியது அப்படம்.

இனி எல்லிஸிடம் வருவோம். குடந்தையிலும் மசூலிப்பட்டணத்திலும் நீதிபதியாக இருந்து, 1810இல் சென்னைக் கலெக்டரானார். 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டதில் அவர் பங்கு தலையாயது. இங்கிலாந்திலிருந்து வரும் இளம் அதிகாரிகள் அங்கே தமிழும் தெலுங்கும் கற்றனர். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை வடமொழியிற் பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பத்தவை என்பதைக் காம்ப்பெல் என்பாரின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில் 1816இல் நாட்டினார். கால்டுவெல் ஐயரின் நூல் வெளிவந்தது அதற்கு நாற்பதாண்டு கழித்து.

திருக்குறளின்பால் அவர் கொண்ட காதல் பெரிது. அறத்துப்பாலின் முற்பகுதியை மொழிபெயர்த்து விரிவுரை வரைந்தார். வள்ளுவர் அமர்ந்த கோலம் பொறித்த பொற்காசு அவர் வெளியிட்டதே என்று ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர் கண்டனர். குடையின் கீழ்த் துறவிபோல் அமர்ந்திருக்கும் அவ்வுருவைக் காணும் பௌத்தர் ஒருவர் மனம் மகிழாதிரார். மேலும் ஒரு செய்தி நமக்கு நெருக்கமானது. ஆரிங்டன் என்னும் துரையிடம் ஊழியம் செய்துவந்த கந்தப்பன் என்பார் தம்மிடமிருந்த குறள் ஏட்டுச் சுவடிகளைக் கொடுத்து, அவை எல்லிஸிடம் சேர்ந்தன என்று அக்கந்தப்பனாரின் பெயரரான அயோத்திதாச பண்டிதர் தமிழன் பத்திரிகையில் எழுதிவைத்துள்ளார். சுவடி சேரியிலிருந்து சென்றது. அம்மைப்பாலும் அங்கிருந்தே சென்றது.

இத்தகைய கல்விமான் அம்மைத் தடையை நோக்கினார். கும்பினியார் பலர் ஜனங்களின் அறியாமையைப் பழித்தனர். சிலர் கட்டாயத்தை நாடினர். எல்லிஸ் வேறு வழி கண்டார். தாயைத் தடுப்பதாக ஜனங்கள் அஞ்சுகின்றனரா? அத்தாயே இதைத் தந்தாள் என்றால் அச்சம் தீராதோ? பசுவின் மடியில் தோன்றும் கொப்புளமும் தன் அருளே என்று சக்தி தன்வந்திரிக்கு உபதேசிப்பதாகத் தமிழில் உரையும் செய்யுளுமாக ஒரு கதை இயற்றினார். அவர் வடமொழியிலும் ஒரு பாட்டு இயற்றினாரென்றும், அதனைப் பழந்தாளில் எழுதுவித்து, எங்கோ அகப்பட்ட பழஞ்சுவடிபோற் காட்டியதாகவும், பிராமணர் மனம் இளக வேண்டுமென்பதே அதன் நோக்கமென்றும் பின்வந்த ஆங்கிலேயர் குறித்துள்ளனர்.

இதில் கருணை இல்லையென்று எவரும் சொல்லார். ஜனங்களின் நம்பிக்கையைப் பறித்துவிட்டு ஊசியை நீட்டினால், நோயாளியின் கைப்பிடித் துணையைப் பறித்தவராவோம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பக்தியிலிருந்த தைரியத்தை விட்டுவைத்து, அதிலிருந்த தடையை மட்டும் நீக்கப் பார்த்தார். இவ்வளவும் நன்று. ஆனால் தாள் பழையதன்று. அம்மன் அதைச் சொல்லவுமில்லை.

வேறொரு பொய்ச் சுவடியின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். எசூர் வேதம் என்றொரு நூல் ஐரோப்பாவில் உலவிற்று. வால்தேர் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞரே அதனைப் பழைமையான இந்திய நூலென்று நம்பிப் பாராட்டினார். புதுச்சேரியிலிருந்த ஏடுகளை ஆராய்ந்து, அது வேதமன்று, கிறித்தவப் பாதிரிமார் தம் மதத்தைப் பரப்ப வேதம்போல் புனைந்ததே என்று வெளிப்படுத்தியவர் யாரெனில், நம் எல்லிஸ் துரையே! அக்கட்டுரை அவர் மறைந்தபின் 1822இல் அச்சேறிற்று. பிறர் செய்த பொய்வேதத்தைக் கண்டுபிடித்த கண், தாம் செய்த பொய்ச்சுவடியைக் கண்டு கூசவில்லையோ? மதம் மாற்றுவதற்கான பொய் வேறு, உயிர் காப்பதற்கான பொய் வேறு என அவர் தமக்குள் வகுத்துக்கொண்டிருக்கலாம். வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்க்குச் சிறிது இடம் விட்டிருக்கிறார். எல்லிஸின் விரிவுரை அவ்வதிகாரம்வரை வந்து சேரவில்லை.

பொய் விளைத்த நன்மைதான் என்ன? அப்பாட்டைக் கேட்டு இன்ன ஊரார் கைநீட்டினர் என்று சொல்லச் சான்றில்லை. தீமையோ தெரிகிறது. 1819 ஜனவரியில் சென்னைக் கூரியர் பத்திரிகையில் கல்வி விரும்பன் என்னும் புனைபெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று. தன்வந்திரியின் நூலிலேயே அம்மை குத்தும் முறை உள்ளதென்று அது சில வடமொழி வாசகங்களைக் காட்டிற்று. எழுதியவர் எல்லிஸே என்று ஐயுற்றோர் உண்டு, உறுதியில்லை. அச்செய்தி கப்பலேறி ஐரோப்பிய மருத்துவ நூல்களிற் புகுந்தது. ஏடுகளைத் தேடிய அறிஞர்க்கு அவ்வாசகங்கள் அகப்படவில்லை. ஆயினும் ஜென்னருக்கு முன்பே நம் முன்னோர் பசு அம்மையைக் குத்தினர் என்று மேடையேறிப் பெருமை பேசுவோர் இன்றும் உளர். உயிரைக் காக்கப் பிறந்த கதை வீண்பெருமைக்கு உணவாயிற்று.

இதை எழுதும் எனக்கு எல்லிஸைக் குறைசொல்லும் தகுதி குறைவு. அதனை மறைக்க விரும்பவில்லை. 2020 மார்ச் 20 முதல் ஜூன் தொடக்கம்வரை திருமலையில் பக்தர்க்குத் தரிசனம் நிறுத்தப்பட்டிருந்தது அன்பர்க்கு நினைவிருக்கும். சுவாமியே கதவடைத்துக்கொண்டார் என்று அந்நாளில் சித்தூர் வீதிகளில் முதியோர் பலர் மனம் தளர்ந்தனர். மறு ஆண்டில் கொரோனாத் தடுப்பூசி வந்தது. எங்கள் வீதியில் எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் போட்டுக்கொள்ள மறுத்தார். கங்கம்மாள் இருக்க ஊசி எதற்கு என்பது அவர் கேள்வி. மருமகள் அழுதாள், செவிலியர் வந்து பேசினர், பயனில்லை. பௌத்தப் பிரசாரகனாகிய யான் ஒருநாள் அவர் திண்ணையில் அமர்ந்து, கங்கம்மாள் என் கனவில் வந்து உங்களை ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாள் என்று கூறிவிட்டேன். மறுநாளே போட்டுக்கொண்டார். நலமாகவே இருக்கிறார். ஆனால் அன்றுமுதல் என்னைக் காணும்போதெல்லாம், அம்மன் என்ன நிறப் புடைவை உடுத்தியிருந்தாள், வேறென்ன சொன்னாள், மகன் வேலையைப்பற்றி ஏதேனும் சொன்னாளா என்று கேட்கிறார். யான் தெரு மாறிப் போகிறேன்.

மாண்ட குழந்தையைத் தோளில் சுமந்து மருந்து கேட்டு வந்த கிசா கோதமிக்குப் பகவான் புத்தர் பொய் சொல்லவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு கொண்டுவரச் சொன்னார். வீடு வீடாக நடந்து அவளே உண்மையைக் கண்டு, தெளிந்த மனத்தோடு திரும்பினாள். அவள் நம்பிக்கையை அவர் ஏளனம் செய்யவுமில்லை, ஏமாற்றவுமில்லை. அம்மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்தபோது எனக்கு இக்கதை தெரியாததன்று. நூறு முறை பிரசங்கித்ததுதான்.

எல்லிஸும் பொய்யின்றி அவ்வேலையைச் செய்ய வல்லவரே. 1818ஐ ஒட்டிச் சென்னையில் நீர்ப்பஞ்சம் உண்டாயிற்று. வங்காளத்தில் 1817இல் கிளம்பிய வாந்திபேதி தென்னாட்டை எட்டியதும் அக்காலமே. எல்லிஸ் நகரில் இருபத்தேழு கிணறுகள் வெட்டுவித்தார். அவற்றுக்குப் புண்ணியாக வாசனமும் செய்வித்தார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றருகே தமிழ்ப் பாவால் ஒரு கல்வெட்டு நாட்டி, அதில் நீர் நாட்டுக்கு உறுப்பென்று கூறும் குறளை எடுத்தாண்டார். பெரியபாளையத்தம்மன் யார்? வேப்பிலை உடுத்தி வழிபடப்பெறும் அம்மை தெய்வமே. ஜனங்களின் தெய்வத்துக்கு மரியாதை, ஜனங்களின் சடங்குக்கு மரியாதை, ஜனங்களின் நூலுக்கு மரியாதை. ஆயினும் கல்லில் தம் பெயரையே பொறித்தார், அம்மன் வெட்டினாள் என்று பொறிக்கவில்லை. நீர் மொண்டவர்க்கு யார் தந்தது என்பதில் மயக்கமில்லை. பழந்தாள் தேவைப்பட்ட அதே கையால் இக்கல்லும் எழுந்தது என்பதை எண்ணியெண்ணி வியக்கிறேன். அவ்விராயப்பேட்டையில்தான், எண்பதாண்டு கழித்து 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாச பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பண்டிதர் சித்த வைத்தியருமாவார்.

அம்மை குத்துதல் மெல்ல மெல்லவே பரவிற்று. பாட்டினால் அன்று; பக்கத்து வீட்டுக் குழந்தை பிழைத்ததைக் கண்ட தாய்மாரால் என்க. கைக்குக் கை மாற்றுவது ஒழிந்து கன்றிலிருந்து மருந்தெடுக்கும் முறை வந்தபின் சாதித் தடையும் தளர்ந்தது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை 1975 மே மாதத்தில் அஸ்ஸாமில் காணப்பட்டது. 1980 மே 8ஆம் நாள் உலகெங்கும் அது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது. நோய் போயிற்று. கங்கம்மா ஜாத்திரை நிற்கவில்லை. வருந்தோறும் கூட்டம் மிகுகிறது. ஜனங்கள் அவளிடம் கேட்டது நோய் நீக்கம் ஒன்றை மட்டும் அன்று போலும்.

எல்லிஸ் நாற்பது வயதுவரை கற்பதென்றும் அதன்பின்னரே நூல்களை வெளியிடுவதென்றும் உறுதி பூண்டிருந்தார் என்பர். நாற்பது கடந்தார். 1819 மார்ச் 10ஆம் நாள் இராமநாதபுரத்தில் திடீரென மறைந்தார். வாந்திபேதியால் என்று ஒரு சாராரும், மருந்து மாறி நஞ்சு உட்சென்றதால் என்று மற்றொரு சாராரும் எழுதியுள்ளனர். இறுதிவரை மணம் புரிந்திலர். தாள்களைக் காக்க வீட்டில் ஒருவருமில்லை. அவர் எழுதிக் குவித்தவை மதுரைக்குச் சென்றன. அங்கே கலெக்டரின் சமையற்காரன் பல மாதங்கள் அடுப்பு மூட்ட அவற்றையே எரித்தான் என்று வால்டர் எலியட் என்பார் வருந்திக் குறித்துள்ளார். பழையதுபோற் செய்த அந்தத் தாள் அவற்றோடு எரிந்ததோ, யார் வீட்டுப் பரணிலேனும் மெய்யாகவே பழையதாகிக் கிடக்கின்றதோ?